கருந்தூசிப் பாதையில் நட்சத்திரம் பிறப்பதில்லை

ராத்தாவின் தலை சுவரில் மோதிய சத்தம் கேட்டபோது, நான் கணினித் திரையில் ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுப்பகுதியைக் காட்டிக்கொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம், வெளிநாட்டில், என் ஆய்வு வழிகாட்டியும் கூட வேலை செய்பவர்களும் இருந்தார்கள். முதலில் ஏதோ பீங்கான் உடைந்தது. பிறகு அக்கா புருசனின், மச்சானின் குரல். அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம், தேங்காயைச் சீமெந்துத் தரையில் போட்டதுபோல.

வழிகாட்டி, அது என்ன சத்தம் என்று கேட்டார். பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறது என்றேன். சாய்ந்தமருதில் எப்போதும் எங்காவது கட்டட வேலை நடந்துகொண்டுதான் இருக்கும், அதனால் அது நம்பக்கூடிய பொய்.

"சரி, தொடருங்கள்" என்றார். "இந்தப் பாதையில் இவ்வளவு வாயு நெருங்கிக் கிடக்கிறது. ஏன் இங்கே நட்சத்திரம் பிறக்கவில்லை?"

அதுதான் என் ஆய்வின் கேள்வி. நான் பார்ப்பது பட்டை கொண்ட சுருள் மண்டலம் ஒன்றை. நடுவில் ஒரு நீளக் கட்டைபோல நட்சத்திரங்கள் திரண்டிருக்கும். அதன் இரண்டு நுனியிலிருந்தும் சுருள் கைகள் கிளம்பும். நாம் இருக்கும் பால்வீதியும் அந்த வகைதான். அந்தப் பட்டை சுழலும்போது அதன் ஈர்ப்பு, சுற்றிக்கொண்டிருக்கும் வாயுவைப் பாதை மாற்றி ஒன்றன்மேல் ஒன்று மோத வைக்கிறது. மோதிய வாயு நெருங்கி, தன் சுழற்சியை இழந்து, நடுவை நோக்கி விழுகிறது. படத்தில் அது பட்டையின் ஓரமாக இறங்கும் இரண்டு கறுத்த தூசிப் பாதைகளாகத் தெரியும். அங்கே வாயுவின் வேகம் சட்டென்று மாறும். கல்முனையில் புறப்பட்டு, நூறு கிலோமீற்றருக்கு அப்பாலிருக்கும் கண்டிக்கு ஒரு நொடியில் போய்ச்சேரும் வேகத்தில் அது அடிபடுகிறது.

கூட்டம் முடிந்ததும் நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். ராத்தா, என் அக்கா, குந்தியிருந்து பீங்கான் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தாள்.

"விழுந்திட்டன்" என்றாள், நான் கேட்காமலே.

எங்கள் ஊர் வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. இந்தக் கரையோரத்தில் வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கலியாணம் என்றால் பெற்றோர் வீட்டை அவள் பேருக்குக் கொடுத்துவிட்டு, வளவின் பின்பக்கம் இன்னொன்று கட்டிக்கொண்டு நகர்வார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து ஏறுவார். அடுத்த மகளுக்குக் கலியாணம் என்றால் இன்னும் பின்னால் நகர வேண்டும். எங்கள் உம்மாவும் வாப்பாவும் ராத்தாவுக்காக ஒருமுறை நகர்ந்துவிட்டார்கள். பின்வீடு எனக்கு. நான் கலியாணம் கட்டாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் அவர்களுக்கு இன்னும் நகர வேண்டி வரவில்லை. இது எனக்குப் புண்ணியமா பாவமா என்று ஊரில் இரண்டு கருத்து உண்டு.

முன்வீட்டை வாப்பா கத்தாரில் வெயிலில் நின்று உழைத்துக் கட்டினார். சுனாமியில் கடல் வந்து போன பிறகு, இருந்த அத்திவாரத்தின்மேல் எழுப்பியது. மச்சான் மண்ணிறப் பெட்டி ஒன்றோடு அதில் ஏறினார். இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். கடையில் அவர் குரல் யாருக்கும் எட்டாது, அவ்வளவு மெதுவாகக் கதைப்பார். பள்ளிவாசலில் முன்வரிசை. வீட்டில் கறிக்கு உப்புக் குறைந்தால் கை நீளும்.

ராத்தாவுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்தன. முதல்முறை கண்ணூறு என்றார்கள். இரண்டாம்முறை தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், கையில் கறுப்பு நூல் கட்டினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் மட்டும் அவளுடைய இடுப்பிலிருந்த நீலத்தைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டிருக்கிறார். "கிணத்துக்கட்டில இடிச்சிட்டன்" என்றிருக்கிறாள். எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவளை அடித்தவன்மேல் வர வேண்டிய கோபம் ஏன் முதலில் அவள்மேல் வருகிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மச்சானின் உம்மாவிடம் எங்கள் உம்மா போய்ச் சொன்னபோது அந்த மனுசி வெற்றிலையை மடித்துக்கொண்டே பதில் சொன்னாராம். "ரெண்டு அடி விழுந்தாத்தான் குடும்பம் கட்டுக்குள்ள இரிக்கும். என்னை அடிக்காத அடியா? நான் ஆறு புள்ள பெறல்லயா?"

இதே கதையைத்தான் என் துறையிலும் கேட்டிருக்கிறேன். வானத்தைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு மோதல் என்றால் ஒரு மயக்கம். மோதலில்தான் நட்சத்திரம் பிறக்கிறது, அழிவில்தான் ஆக்கம் என்று பெருமூச்சோடு எழுதுவார்கள். அப்படிப் பிறக்கும் இடங்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் என் மண்டலத்தின் கருந்தூசிப் பாதையில் அந்தக் கதை செல்லாது. அங்கே நட்சத்திரம் செய்யத் தேவையான எல்லாம் இருக்கிறது. வாயு இருக்கிறது, நெருக்கம் இருக்கிறது, குளிர்ச்சியும் இருக்கிறது. ஒரு மேகம் தன் எடையால் தானே உள்நோக்கிச் சுருங்கினால்தான் நட்சத்திரம் உருவாகும். அதற்கு அவகாசம் வேண்டும். அந்தப் பாதையில் மேகத்தின் ஒரு பக்கம் ஒரு வேகத்தில் இழுபடுகிறது, மறுபக்கம் வேறு வேகத்தில். சுருங்கத் தொடங்குமுன்னே அது கிழிந்துபோகிறது. இதை என் வரைபடங்கள் ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, நான் மேசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறையாக ராத்தா உண்டானாள். அவள் யாருக்கும் சொல்லவில்லை. புளிச்சாதம் கேட்டதில் உம்மா கண்டுபிடித்தார்.

ஒரு பின்னேரம் கிணற்றடியில் அது நடந்தது. மச்சானின் வெள்ளைச் சேட்டில் அலசும்போது போட்ட நீலம் திட்டாகப் பிடித்துவிட்டது. அவ்வளவுதான் குற்றம். நான் பல்கலைக்கழகத்தில் பாடம் முடித்து வந்து கேற்றைத் திறக்கும்போது அவர் கால் தூக்குவதைப் பார்த்தேன். ராத்தா இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு பக்கவாட்டில் சரிந்தாள். முகத்தைக் காக்க ஒரு கைகூட அவளுக்கு மிஞ்சவில்லை. கிணற்றுக்கட்டில் இரும்பு வாளி இருந்தது. அதை எடுத்து அவர் தோளில் அடித்தேன். இன்னொரு அடி தலையில் போட ஓங்கினேன், அதற்குள் அவர் கை என் வாயில் விழுந்தது. ஒரு பல் போனது. இரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடி வாளியைத் தேடினேன். வாப்பா வந்து எங்கள் நடுவில் நின்றார். வயசாளி, அவர் நின்றதே பெரிது.

அன்றைக்குத்தான் நாங்கள் தவறு செய்தோம். பயத்தில் செய்த தவறு. வாப்பா ராத்தாவைக் கைத்தாங்கலாகப் பின்வீட்டுக்கு அழைத்து வந்தார். வேறு எந்த ஊரிலும் இது சரியான வேலை. அடிக்கிறவனிடமிருந்து பெண்ணை வெளியே எடுப்பதுதானே நியாயம். எங்கள் ஊரில் அவள் தன் வீட்டைவிட்டு இறங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

மச்சான் மறுநாள் காலை முன்வீட்டுக் கதவில் புதுப் பூட்டு ஒன்றைப் போட்டார். கடையில் பூட்டுக்குப் பஞ்சமா. சாவியைச் சாரன் மடிப்பில் சொருகிக்கொண்டு கடைக்குப் போனார். பின்னேரம் தன் தம்பிமாரோடு வந்து திறந்து, விறாந்தையில் கதிரை போட்டுக் குந்தினார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ராத்தாவின் உடுப்புகள் கொடியில் அப்படியே தொங்கின.

அவளுக்கு இலேசாக இரத்தம் பட்டது. டொக்டர், அசையாமல் படுத்திருக்க வேண்டும், மனதுக்கு நிம்மதி வேண்டும் என்றார். நிம்மதியை எங்கே வாங்குவது என்று அவர் மருந்துத் துண்டில் எழுதித் தரவில்லை. பின்வீட்டின் ஒற்றை அறையில் அவள் படுத்திருந்தாள். ஜன்னல் வழியாக மச்சானின் தம்பிமார் சிரிப்பது கேட்கும்போதெல்லாம் அவள் உடம்பு தூக்கிப்போட்டது.

வாப்பா பள்ளிவாசலில் முறைப்பாடு வைத்தார். எங்கள் ஊரில் ஒவ்வொருவருக்கும் உம்மா வழியில் ஒரு குடி உண்டு. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்காயர் இருப்பார், குடும்ப வழக்கென்றால் அவர்தான் கதைப்பார். உம்மாவும் நானும் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டோம். என் வாய் வீங்கி ஒரு பக்கம் மரத்திருந்தது.

மச்சான் தன் கடைக்குரலில் பதில் சொன்னார். "நான் இறங்கிப் போகச் செல்லல்ல. அவவாத்தான் இறங்கினா. நான் ஊட்டக் காத்துக்கொண்டு இரிக்கன்."

எங்கள் மரைக்காயர் வாப்பாவைப் பார்த்து நீண்ட மூச்சு விட்டார். "பொம்புளப் புள்ள ஊட்ட விட்டு இறங்கினா, மறுகா நாங்க என்னத்தக் கதைக்கிற? ஊட்டுக்குள்ள இருந்திருந்தா அவரை இறங்கச் செல்லலாம். இப்ப ஊட்டுக்குள்ள இரிக்கிறது அவரல்லவா?"

அடிபட்டதைப் பற்றி ஒரு வார்த்தையாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. திரையைக் கிழித்துக்கொண்டு போய் என் வாயைத் திறந்து காட்டலாமா என்று இருந்தது. உம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தோம். உம்மா கேற்றடியில் நின்று பூட்டைப் பார்த்தார். பிறகு, "வெள்ளிக்கிழமை வரட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் எங்கள் ஒழுங்கையில், வீட்டுக்கு முன்னால் ஓடும் சந்தில், ஆண் வாசம் இருக்காது. கைப்பிள்ளைகளைத் தவிர அத்தனை பேரும் பள்ளிவாசலில் இருப்பார்கள். ஒலிபெருக்கியில் குத்பா பிரசங்கம் தொடங்கியதும் உம்மா கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருந்து அலவாங்கை இழுத்து வந்தார். வேலிக்கட்டைக்குக் குழி தோண்டும் நல்ல கனமான இரும்புக் கம்பி அது. ஒழுங்கையில் எங்கள் குடிப் பெண்கள் வாசலுக்கு வாசல் நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. உம்மா அவர்களிடம் காலையிலேயே கதைத்திருக்க வேண்டும்.

அன்றைய குத்பா பொறுமையைப் பற்றி. மனைவிமார் பொறுமையாக இருந்தால் கிடைக்கும் நன்மைகளை மௌலவி ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சபூர் செஞ்சது காணும், போதும்" என்றார் உம்மா. "புள்ள, நீ இளம் உடம்பு. ஓங்கிக் குத்து."

நான் அலவாங்கைக் கதவுக்கும் நிலைக்கும் இடையில் செருகித் தொங்கினேன். முதல் இழுப்புக்கு மரம் முனகியது. இரண்டாவதில் என் கை தோல் உரிந்தது. அதற்குப் பிறகு நான் நிதானமாய்ச் செய்யவில்லை, வெறியில் குத்தினேன். கதவைக் குத்தினேன், பூட்டைக் குத்தினேன், நிலையைக் குத்தினேன், தெறித்த மரச்சீவல் கண்ணில் விழுந்தும் குத்தினேன். அந்த நிமிடத்தில் கதவுக்குப் பின்னால் ஒரு மனுசன் நின்றிருந்தாலும் நிறுத்தியிருக்கமாட்டேன். பூட்டு உடையவில்லை, நல்ல பூட்டு. கொண்டிதான் நிலையோடு பிய்ந்து வந்தது.

பெண்கள் ராத்தாவைப் பாயோடு தூக்கி வந்து அவள் கட்டிலிலேயே கிடத்தினார்கள். உம்மா அலுமாரிக்கு மேல் இருந்த மண்ணிறப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். மச்சானின் சாரன்கள், மடித்த சேட்டுகள், அத்தர்க் குப்பி, சவரச் சாமான் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கினார். மருமகன் பயணம் போகும்போது எப்படி அடுக்கிக் கொடுப்பாரோ அப்படியே. பெட்டியைக் கேற்றுக்கு வெளியே ஒழுங்கையில் வைத்தார்.

தொழுகை முடிந்து வந்தவர் பெட்டியைக் கண்டார். அந்தக் கடைக்குரல் அன்றோடு போனது. கேற்றை உதைத்தார். வாயில் வந்த வார்த்தைகளை நான் எழுதப்போவதில்லை. அவர் தம்பி ஒருவன் கல் எறிந்தான், ஜன்னல் கண்ணாடி ராத்தாவின் கட்டிலில் கொட்டியது. அவள் பாதத்தில் வெட்டியது. நான் அவளைத் தூக்கப் போனேன்.

"விடு" என்றாள். "நான் இந்தக் கட்டிலால இனி எழும்பமாட்டன். என்ட ஊடு."

அதுவரை அவள் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

ஒழுங்கை ஆண்களால் நிரம்பியது. மரைக்காயர் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கதவைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "ஊட்டுக்காரி உள்ள இரிக்கா. பொட்டி வெளிய இரிக்கி. இதுல வழக்கு எங்க இரிக்கி?" என்றார்.

மச்சான் அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். தொப்பி விழுந்தது, மனுசனும் விழுந்தார். பெண்ணை அடித்தபோது வராத கோபம் அப்போதுதான் ஊருக்கு வந்தது. எத்தனை கை விழுந்தது என்று தெரியாது. மச்சானின் வெள்ளைச் சேட்டு கிழிந்து, மூக்கால் இரத்தம் வடிந்து, ஒழுங்கை மண்ணில் முகம் அழுந்தியது. நான் உடைந்த ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. இன்னும் இரண்டு விழட்டும் என்று இருந்தது. பொலிஸ் வந்து அவரைக் கொண்டுபோனது.

அந்த அடியில் அவர் திருந்தினாரா என்றால், இல்லை. வீக்கம் வடிந்ததும் மறுபடி கேற்றடிக்கு வந்து கத்தினார். அதற்குப் பிறகும் வந்தார். நான் கணினியைத் தூக்கிக்கொண்டு ராத்தாவின் முன்னறைக்கு வந்துவிட்டேன். அலவாங்கைக் கதிரைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, அவள் கட்டிலைப் பார்த்தபடி மீதி ஆய்வை அங்கேதான் எழுதினேன். இரண்டு மூன்று முறை அதைத் தூக்கிக்கொண்டு கேற்றுவரை போயிருக்கிறேன்.

அப்போது நான் எழுதியது மைய வளையத்தைப் பற்றி. கருந்தூசிப் பாதையால் விழும் வாயுவில் எல்லாம் அழிந்துவிடுவதில்லை. மண்டலத்தின் நடுவைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது. அங்கே வந்து சேரும் வாயு, வட்டப் பாதையில் ஒன்றோடொன்று ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றத் தொடங்குகிறது. அதே வாயுதான், பாதையில் கிழிபட்டு வந்த அதே வாயு. கிழிப்பது நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். மேகம் சுருங்குவதற்கு அவகாசம் கிடைக்கிறது. படத்தில் பார்த்தால் வளையம் முழுக்கச் சிவப்பாய் எரியும், புது நட்சத்திரங்கள் சூடாக்கும் வாயுவின் சிவப்பு. அது ஒன்றும் சாந்தமான இடமல்ல. அங்கே பிறக்கும் பெரிய நட்சத்திரங்கள் சீக்கிரமே வெடித்துச் சுற்றியிருப்பதைச் சிதறடிக்கும். இருந்தாலும் பிறக்கிறது.

வழிகாட்டி என் வரைவைப் படித்துவிட்டு, ஒரு வாக்கியம் மட்டும் கொஞ்சம் கோபமாக இருக்கிறது, மாற்ற முடியுமா என்று கேட்டார். பாதையில் நிகழும் வன்முறை எதையும் உருவாக்குவதில்லை என்ற வாக்கியம். அதை மாற்ற முடியாது என்றேன். அவர் விட்டுவிட்டார்.

பிள்ளை மாதம் நிறைந்து பிறந்தது. பெண்பிள்ளை, நல்ல எடை, ஆஸ்பத்திரியே எழும்பும் அழுகை. வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள் என்பதால் வீட்டுக்கு வந்துதான் காதில் தொழுகை அழைப்பான பாங்கு சொல்ல வேண்டியிருந்தது. பிறந்த பிள்ளையின் காதில் அதன் வாப்பா பாங்கு சொல்வது எங்கள் வழக்கம். அது முதலில் கேட்க வேண்டிய குரல் வாப்பாவின் குரல்.

மச்சான் குளித்து வெள்ளை உடுத்து, தொப்பியோடு கேற்றடியில் வந்து நின்றார். கூட மரைக்காயரும் வந்திருந்தார். நான் கதிரையிலிருந்து எழுந்தேன், கை தானாக அலவாங்குக்குப் போனது. அன்றைக்கு மச்சான் கத்தவில்லை. கடைக்குரல் திரும்பியிருந்தது.

"நான்தானே வாப்பா" என்றார். "என்ட சத்தத்தில பாங்கு செல்ல வேணும். அத மட்டும் செல்லிட்டுப் போறன்."

மரைக்காயர் வாசலுக்கு வந்து உள்ளே பார்த்தார். "நியாயம்தானே மகள்" என்றார். உம்மா தரையைப் பார்த்தார். வாப்பா கையைப் பிசைந்தார். பிள்ளையின் உரிமை என்று ஒன்று இருக்கிறதே. நானும் அலவாங்கை விட்டேன்.

ராத்தா கட்டிலில் சாய்ந்திருந்தாள். பிள்ளையை மார்போடு அணைத்திருந்தாள். வெளியே கேட்கும்படி, நிதானமாகச் சொன்னாள்.

"அவருட சத்தம் இந்தப் புள்ளைக்குத் தெரியும். வயித்துக்குள்ள இருந்து கேட்டது காணும்."

மரைக்காயர் திரும்பிப் போய் மச்சானுக்கு முன்னால் கேற்றைச் சாத்தினார். ராத்தா, அழத் தொடங்கிய பிள்ளையை எங்கள் வாப்பாவிடம் நீட்டினாள். வாப்பா அந்தச் சின்ன வலது காதுக்குக் குனிந்து பாங்கு சொல்லத் தொடங்கினார். பிள்ளை அழுகையை நிறுத்திக் கேட்டது.